கேஸ் இல்லாத குசினியில் ஒரு பூசணி சூப்

என் வீட்டுக் குசினியிலிருந்து கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொண்டு போனவன் என் மகன். கீழே காவலுக்கு நிற்கும் மனிதரையும் கூட்டிக்கொண்டு வந்து, இருவருமாக அதை உருட்டிப் போய் லிஃப்டுக்குள் ஏற்றினார்கள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். "கவனம், காலில விழுந்திடும்" என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டியது இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவும்போதுதான் நினைவுக்கு வரும்.

அவன் மேல் முழுப் பிழையையும் போட முடியாது. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு நான் பல்கனிக்கு உடுப்புக் காயப்போடப் போனது உண்மை. அங்கே கதிரையில் சாய்ந்து இருந்ததும் உண்மை, கடற்காற்றுக்குக் கண் அயர்ந்ததும் உண்மை. பருப்புக் கரியாகி, புகை கதவுக்கு வெளியே போய், ஆட்கள் தட்டித்தான் நான் எழும்பினேன். ஒரு சட்டி போயிற்று. கல்யாணம் முடித்து இந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சமைக்கிறேன். அத்தனை வருடத்தில் ஒரு சட்டி. அதற்கு அடுப்பையே அணைத்துவிட்டார்கள்.

சிலிண்டர் போன மறுநாளே மத்தியானச் சாப்பாடு பார்சலில் வரத் தொடங்கியது. மகன்தான் ஒழுங்கு செய்தான். தேத்தண்ணீருக்கு மின்சாரக் கேத்தல் இருந்தது. பார்சலைப் பிரித்தால் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு பொரியல். திங்களும் செவ்வாயும் புதனும் ஒரே மணம். கத்தரிக்காயும் பீட்ரூட்டும் ஒரே ருசியாக இருக்கும்படி சமைக்கிறதும் ஒரு கெட்டித்தனம்தான்.

இரண்டு கிழமை போனபிறகு மகன் வந்து கதிரையின் நுனியில் இருந்தான். அவன் நுனியில் இருந்தால் ஏதோ சொல்லப்போகிறான் என்று அர்த்தம்.

"அம்மா, வாற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு புருசன் பெண்சாதி வீடு பாக்க வருகினம். வங்கியில வேலை. நல்ல ஆக்கள். இதை வாடகைக்குக் குடுத்திட்டு நீங்கள் எங்களோட வந்து இருங்கோ. பின்னறையை உங்களுக்கெண்டு ஒதுக்கி வைச்சிருக்கிறம்."

நான் நிலத்தைப் பார்த்து "ம்" என்றேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் வீடு ஹெவ்லொக் டவுனில். தூரமில்லை. மருமகளும் தங்கமான பிள்ளை, என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்தக் குசினியில் சமைக்க ஒரு பெண் வருகிறாள். நான் உள்ளே காலெடுத்து வைத்தால் "அம்மா, நீங்க போய் இருங்க" என்பாள். அங்கே நான் விருந்தாளி. விருந்தாளியாக ஒரு கிழமை இருக்கலாம். சாகும்வரை எப்படி இருக்கிறது?

அன்று முழுக்க எனக்கு அவன் மேல் கோபமில்லை, அந்த "ம்" மேல்தான் கோபம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் "ம்" என்று நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, அந்த "ம்" மட்டும் நிற்கவில்லை. பெண் பார்க்க வந்தபோதும் அதுதான், ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோதும் அதுதான். மற்றவர்கள் அதற்குத் தங்களுக்குப் பிடித்த கருத்தை எடுத்துக்கொண்டு போவார்கள்.

மகன் சிலிண்டரைக் கொண்டு போனானே தவிர, பேக்கரிப் பாண் வைக்கிற பெட்டியை விட்டுவிட்டான். அது உண்மையில் பாண் பெட்டியல்ல. மருமகள் பெரிய ஓவன் வாங்கியபோது பழைய சின்ன மின்சார ஓவனை என்னிடம் தந்திருந்தாள். கண்ணாடிக் கதவு, பக்கத்தில் மூன்று திருகு. எனக்கு அது தேவைப்படவில்லை, எலி வராமல் பாண் வைக்க வசதியாக இருந்தது. அந்த வியாழக்கிழமை பாணை எடுக்கக் கதவைத் திறந்தவள், அப்படியே குனிந்தபடி நின்றேன். வீட்டில் நெருப்பு இல்லை என்று யார் சொன்னது?

எதைச் சமைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். கட்டுப் பல் ஈறைக் கடித்துக்கொண்டிருந்ததால் என்னால் சாப்பிட முடிந்தது ஒன்றே ஒன்று, மஞ்சள் நிறத்தில் ஒரு சூப். பூசணி என்றார்கள். நான் நம்பவில்லை. பூசணியை நான் எத்தனை விதமாகச் சமைத்திருப்பேன்! தேங்காய்ப்பால் விட்டு, கடுகு அரைத்துப் போட்டு, பருப்போடு சேர்த்து. அவித்த பூசணிக்கு அந்த ருசி வராது. அது சுட்ட ருசி. ஓரம் கருகின இனிப்பு, நடுவில் உள்ளிப்பூண்டு, கடைசியில் தொண்டையில் மிளகு. வெயிட்டரிடம் கேட்க வெட்கம். நாக்கில் வைத்து வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைகள் இருக்கும் காலி வீதிக்குப் போய் சுப்பர் மார்க்கெட்டில் ஒரு பட்டர்நட் வாங்கினேன். கழுத்து நீண்ட, சுரைக்காய் மாதிரி வடிவான சின்னப் பூசணி. சந்தையில் என்றால் பெரிய பூசணியைக் கீறி வைத்திருப்பார்கள், வேண்டிய துண்டை வாங்கலாம். இது முழுசாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பலகையில் வைத்தபிறகுதான் எனக்கு அது உறைத்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முழுப் பூசணியைப் பெண் வெட்டக்கூடாது. ஆம்பிளை ஒருவர் முதல் வெட்டைப் போட்டுத் தரவேண்டும், பிறகு துண்டு துண்டாக நாங்கள் நறுக்கலாம். மீறி வெட்டினால் மூத்த பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். என் கணவர் இருந்தவரை, கந்தோர் வேலைக்கு உடுத்து வெளிக்கிட்டு நிற்கிறவரைக்கூடக் கூப்பிட்டு வெட்டச் சொல்வேன். சேட்டில் படாமல் தள்ளி நின்று ஒரே போடு போட்டுவிட்டுப் போவார். அவர் போனபிறகு சந்தைத் துண்டுதான். இத்தனை வயதுக்கு நான் ஒரு முழுப் பூசணியில் கத்தி வைத்ததில்லை. எனக்கு மூத்த பிள்ளை, இளைய பிள்ளை எல்லாம் அவன் ஒருவன்தான்.

கீழே காவலுக்கு நிற்பவரைக் கூப்பிடலாம். ஆனால் நான் தும்மினாலும் அவர் மகனுக்குப் போன் எடுப்பார், மகன் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான். யோசித்துப் பார்த்தேன். வெட்டத்தானே கூடாது, சுடக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே. முழுசாகச் சுட்டால் தானாக மெத்தென்று ஆகிவிடும், பிறகு கரண்டியாலே பிளக்கலாம். கத்தியே தேவையில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். எண்ணெய் பூசி, முழுப் பூசணியை ஓவனுக்குள் வைத்து, திருகைக் கடைசி வரைக்கும் திருகினேன்.

முக்கால் மணித்தியாலம் நல்ல மணம் வந்தது. பிறகு டமார் என்று ஒரு சத்தம். ஓவன் கதவு தானாகத் திறந்து தொங்கியது. சுவரில், பிளெண்டர் மேல், கலண்டரில், என் மூக்குக் கண்ணாடியில் எல்லாம் பூசணி.

முதலில் ஓடி வந்தது எதிர்வீட்டு முஸ்லிம் பிள்ளை. பிள்ளை என்றாலும் ஐம்பது வயதிருக்கும்.

"அல்லாவே! என்ன அன்ட்டி வெடிச்ச? ஒங்களுக்கு ஒண்டுமில்லயே?"

"எனக்கொண்டும் இல்லை. பூசணிதான்."

அவள் சுவரைப் பார்த்தாள், ஓவனைப் பார்த்தாள், உள்ளே மிச்சமிருந்த தோலைப் பார்த்தாள். "வெட்டாமலா வச்சீங்க? ஒரு ஓட்ட சரி குத்தல்லயா?"

"நாங்கள் முழுப் பூசணி வெட்டுறேல்லை. ஆம்பிளையள்தான்."

"அப்ப வெடிக்கத்தான் செய்யும்! எங்கட வீட்டுல எல்லாம் நான்தான் வெட்டுற. அந்த மனிசன்ட கையில கத்தியக் குடுத்தா வெரலத்தான் வெட்டும்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருவரும் சுவரைத் துடைத்துக்கொண்டிருக்க, காவலாளி மேலே வந்து, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். "முகுத் நே, மல்லி" என்றேன், ஒன்றுமில்லை என்று. அவருடைய தலைக்கு மேலே சுவரில் ஒரு பூசணி விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடத்தில் மகனின் போன் வந்தது.

"அம்மா, நான் என்ன செய்யிறது உங்களை? கேஸை எடுத்தா ஓவனை வெடிக்க வைக்கிறியள்."

"ஓவன் வெடிக்கேல்லை, தம்பி."

"எது வெடிச்சாலும் ஒண்டுதான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ. நான் கெஞ்சிக் கேக்கிறன். ஆக்கள் வந்து பாக்கேக்க வீடு வடிவா இருக்கோணும்."

மறுபடியும் "ம்" வந்தது. ஆனால் போனை வைத்தபிறகு நான் சீலையை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, திரும்பவும் காலி வீதிக்குப் போய் இன்னொரு பட்டர்நட் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் பலகையில் படுக்க வைத்தேன். பெரிய கத்தியை எடுத்தேன். அம்மா சொன்னது, மாமி சொன்னது, மூத்த பிள்ளைக்கு ஆகாது என்பது, எல்லாம் காதில் கேட்டது. மகன் மேல் மனத்தாங்கல் இருக்கிற நேரத்தில் பூசணியில் கத்தி வைக்கிறது இன்னும் பெரிய பாவம் போலவும் இருந்தது. கத்தியைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன்.

பிறகு வாய் விட்டுச் சொன்னேன், வெறும் குசினியில், ஒருவரும் இல்லாத நேரத்தில். "நான் வெட்டுறது பூசணிக்காய். என்ர பிள்ளைக்கு ஒண்டும் வராது. அவன் நாலு மணிக்கு இஞ்ச வருவான்."

கழுத்துப் பக்கம் நீளவாக்கில் கத்தியை வைத்து உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அமத்தினேன். உள்ளே இறங்கவில்லை. முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி அமத்தினேன். சடக்கென்று இரண்டாகப் பிரிந்தது. உள்ளே நல்ல செம்மஞ்சள், ஈரம், ஒரு கைப்பிடி விதை. அவ்வளவுதான். இதற்காகவா அந்த மனிதரைக் கந்தோருக்குப் பிந்த வைத்தேன்?

விதையை வழித்தெடுத்து, சதையில் கத்தி நுனியால் கோடு கோடாகக் கீறினேன். எண்ணெய், உப்பு, கரகரப்பாக இடித்த மிளகு. பக்கத்தில் தோலோடு ஒரு முழு உள்ளி, இரண்டாகப் பிளந்த சின்ன வெங்காயம் ஏழெட்டு. திருகை இந்த முறை நடுவில் வைத்தேன். ஓரம் கறுப்பாகும்போது கரியான பருப்பு நினைவுக்கு வந்தது. ஆனால் ஹோட்டலில் நாக்கு சொன்னது இந்தக் கருகலைத்தான். பொறுத்திருந்தேன். கதிரையை ஓவனுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல்கனிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணி "டிங்" என்று அடித்து ஓவன் தானாக நின்றது.

ஆறும் நேரத்தில் தேங்காய் திருவி, கேத்தலில் சுடவைத்த தண்ணீர் கொஞ்சம் விட்டுப் பிழிந்து, கெட்டிப்பால் மட்டும் வடித்தேன். ஹோட்டலில் கிறீம் விட்டிருப்பார்கள். எனக்குக் கிறீம் வேண்டாம். முதற்பால் கொதித்தால் திரைந்துவிடும் என்று வாழ்நாள் முழுக்கப் பயந்து பயந்து கடைசியில் விடுவேன். இப்போது கொதிக்க வைக்க அடுப்பே இல்லை, திரையுமென்ற பயமும் இல்லை. சுட்ட சதையைக் கரண்டியால் வழித்து, உள்ளியைத் தோலிலிருந்து பிதுக்கி, வெங்காயத்தோடு பிளெண்டருக்குள் போட்டுக் கேத்தல் தண்ணீர் விட்டு அடித்தேன். கடைசியில் பால். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன்.

ஹோட்டல் சூப்பைவிட நன்றாக இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஹோட்டல்காரருக்குத் தேங்காய்ப்பால் விடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மணி அடித்தது. மகன் சுகமாக, முழுசாக நின்றான். நான் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்ததை அவன் கவனிக்கவில்லை. பின்னால் அந்த இருவர், இளம் ஆட்கள், யாழ்ப்பாணப் பேச்சு. வழக்கமாக ஆட்கள் வந்தால் தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு நான் அறைக்குள் போய்விடுவேன். அன்று குசினி வாசலில் நின்றேன்.

மகன் அறைகளைக் காட்டினான். பிறகு அந்தப் பெண் குசினிக்குள் வந்து, இரண்டு கையையும் விரித்துச் சுவரை அளந்து கணவனிடம் சொன்னாள். "இதில ஃபிரிட்ஜ் வைக்கலாம், என்ன? இந்தத் தட்டைக் கழட்டினாச் சரி."

அந்தத் தட்டில்தான் என் மா டின்களும் சரக்குத்தூள் போத்தல்களும் இருந்தன.

"அதைக் கழட்டேலாது, பிள்ளை" என்றேன்.

"ஏன் அன்ட்டி, சுவரோட சேர்ந்ததோ?"

"இல்லை. நான் இன்னும் சமைக்கிறன்."

மகன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "அம்மா, வாற மாசத்தில இருந்து நீங்கள் எங்களோடதானே."

என் காதெல்லாம் சுட்டது. முகம் சிவந்திருக்கும். புதிய ஆட்களுக்கு முன்னால் நான் இப்படிக் கதைத்ததே இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

"நான் வரேல்லை. வீடு வாடகைக்கு இல்லை. உங்களை அலைய வைச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இருங்கோ, சூப் குடிச்சிட்டுப் போகலாம்."

"அம்மா!"

"நீயும் இரு, தம்பி. ஆறப்போகுது."

நான்கு கோப்பையில் ஊற்றினேன். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாததால் எல்லோரும் இருந்தார்கள். கதைப்பதற்கு ஒன்றுமில்லாததால் குடித்தார்கள். அந்தப் பெண் இரண்டு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அன்ட்டி, இது நீங்கள் செய்ததோ? அடுப்பு எங்க?"

"அடுப்பு இல்லை."

"அப்ப எப்பிடி?"

"அதில" என்று ஓவனைக் காட்டினேன்.

அவள் கோப்பையை வழித்து முடித்தாள். எழும்பும்போது மகனைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. குடியிருக்கிற ஆளை எழுப்பிப்போட்டு வந்து இருக்க எங்களுக்கு மனமில்லை. வேற இடம் பாக்கிறம்." அவள் கணவன் சூப்பின் கடைசித் துளியைக் குடித்துவிட்டுத்தான் எழும்பினான்.

கதவு சாத்தியதும் மகன் திரும்பினான். "எனக்கு வெக்கமாப் போச்சு, அம்மா. அண்டைக்குக் கேக்கேக்க ஒண்டும் சொல்லேல்லையே நீங்கள்!"

"சொல்லாதது என்ர பிழை. இப்ப சொல்லுறன். வரமாட்டன்."

"அண்டைக்குப் புகை எண்டு போன் வரேக்க நான் எப்பிடி வந்தனான் தெரியுமோ? காலில ஒரு செருப்பு ஒரு சோடி, மற்றது வேற சோடி. நீங்கள் செத்துப்போனியள் எண்டுதான் நினைச்சுக்கொண்டு வந்தனான்." அந்தச் செருப்பு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது.

எனக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் இளகினால் பின்னறைதான் என்றும் தெரிந்தது.

"எனக்கு விளங்குது. அதுக்குத்தான் சொல்லுறன், கேஸ் சிலிண்டரை நீயே வைச்சிரு. திருப்பித் தா எண்டு கேக்கமாட்டன். இது நேரம் முடிஞ்சாத் தானா நிக்குது. கேத்தலும் தானா நிக்குது. சோத்துக்கு ரைஸ் குக்கர் ஒண்டு கொண்டு வந்து தா, அதுவும் தானா நிக்கும். நான் நித்திரையானாலும் அதுகள் முழிச்சிருக்கும். பார்சல் நாளையில இருந்து வேண்டாம்."

"விழுந்தா?"

"விழுந்தா உன்ர வீட்டிலயும் விழுவன்."

அவன் கோப்பையில் ஆறிப்போயிருந்த மிச்சத்தைக் கரண்டியால் கிண்டினான். பிறகு குடித்தான். "மிளகு கூட" என்றான். "உனக்கு எப்பவும் கூடத்தான்" என்றேன். இன்னொரு கோப்பை கேட்காமலே ஊற்றினேன், அதையும் குடித்தான்.

போகும்போது வாசல்வரை போனேன். "தம்பி, ஒரு விஷயம். இனி இந்த வீட்டுக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு வாறதெண்டா முதல் என்னட்டக் கேள். கேட்டு, நான் வாயால 'ஓம்' எண்டு சொன்னாப் பிறகுதான்."

"சரி" என்றான், லிஃப்ட் பொத்தானைப் பார்த்தபடி.

அந்தச் "சரி" எனக்குப் போதவில்லை. கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றேன். எதிர்வீட்டுப் பிள்ளையும் கதவை நீக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றால் நிற்கட்டும்.

"என்னைப் பாத்துச் சொல்லு" என்றேன்.

லிஃப்ட் வந்து திறந்து, ஆள் ஏறாமலே மூடிக்கொண்டு போயிற்று. அவன் என் பக்கம் திரும்பி, "சரி அம்மா, கேட்டுத்தான் கூட்டிக்கொண்டு வருவன்" என்று சொன்னான்.